அரசுக்கு வெளியே ஒரு கணக்கு: பொருளாதார ஆய்வு நிறுவனங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்ஜெட் வாசிக்கப்படும் நாளில் மதியத்துக்குள் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் பொருளாதார ஆய்வாளர்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்கள் பெயருக்குக் கீழே ஒரு நிறுவனத்தின் பெயர் ஓடும். அந்த நிறுவனம் யார் காசில் நடக்கிறது, அது சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதெல்லாம் ஓடாது. இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வும் இருக்கும்.

அரசிடமே புள்ளியியல் துறையும் நிதித் துறையும் இருக்கும்போது வெளியே எதற்குத் தனியாக ஆய்வு நிறுவனம்?

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஒரு திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினோம், எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பது அரசின் பதிவேட்டில் இருக்கும். கொடுத்ததாக எழுதியது கைக்கு வந்து சேர்ந்ததா, அந்தத் திட்டம் இல்லாமலே அதே முன்னேற்றம் வந்திருக்குமா என்பது பதிவேட்டில் இருக்காது. அதற்கு யாராவது வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் 1920-இல் தொடங்கப்பட்ட தேசியப் பொருளாதார ஆய்வு அமைப்பின் பிறப்புக் கதை எனக்குப் பிடிக்கும். மால்கம் ரோர்ட்டி பெரிய தொலைபேசி நிறுவனம் ஒன்றின் அதிகாரி. நேகம் ஸ்டோன் தொழிலாளர் பக்கம் நின்ற சோசலிஸ்ட். நாட்டின் வருமானம் யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் சண்டை போடுவதற்குக்கூட நம்பகமான எண் இல்லை என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். அந்த எண்ணைத் தயாரிக்கவே அமைப்பு உருவானது. தன் ஆய்வுகளில் கொள்கைப் பரிந்துரை செய்வதில்லை என்ற விதியை அது இன்றும் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் பொருளாதார மந்தம் எந்த மாதம் தொடங்கியது, எந்த மாதம் முடிந்தது என்று தேதி குறிப்பதும் அதன் குழு ஒன்றுதான்.

இந்தியாவில் இவை எப்போது வந்தன?

புனேயின் கோகலே நிறுவனம் 1930-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. டெல்லியில் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழு 1956-இல் தொடங்கியது. அதன் முதல் தலைமை இயக்குநர் பி.எஸ். லோகநாதன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்தவர், பிறகு ஐ.நா.வின் ஆசியப் பொருளாதார ஆணையத்தை அதன் தொடக்கத்திலிருந்து நடத்தியவர். எழுபதுகளில் வரிசையாகப் பல நிறுவனங்கள் வந்தன: திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம், சென்னையில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், டெல்லியில் கொள்கை ஆய்வு மையம், மும்பையில் இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம்.

சுயேச்சை என்றால் அரசுப் பணமே வாங்காததா?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. என் அளவுகோல் ஒன்றுதான்: முடிவு கையில் வந்த பிறகு, அதை வெளியிட யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

நெதர்லாந்தின் மத்தியத் திட்ட அலுவலகம் 1945-இல் யான் டின்பெர்கன் தலைமையில் தொடங்கியது. (1969-இல் பொருளாதாரத்துக்கான முதல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவர்.) அங்கே வேலை செய்வோர் அரசுச் சம்பளக்காரர்கள், நிறுவனம் ஓர் அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ஆனாலும் ஆளும் கட்சியின் திட்டத்தால் பற்றாக்குறை கூடும் என்று தேர்தலுக்கு முன்பே அவர்கள் எழுதுவார்கள், யாரும் தடுப்பதில்லை.

மறுபக்கம் நம் அனுபவம். தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் 2017-18-க்கு நடத்திய தொழிலாளர் ஆய்வின் அறிக்கையைத் தேசியப் புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அது வெளியாகவில்லை. 2019 ஜனவரியில் ஆணையத்தின் உறுப்பினர்கள் பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் பதவி விலகினார்கள். சில நாட்களில் ஒரு நாளிதழ் அந்த எண்ணைப் போட்டது: வேலையின்மை 6.1 சதவீதம். பழைய ஆய்வுகளோடு இதை ஒப்பிடக் கூடாது என்றது அரசு; ஆய்வு முறை மாறியிருந்ததால் அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. மக்களவைத் தேர்தல் முடிந்து, மே 31 அன்று அரசே அறிக்கையை வெளியிட்டது. அதிலும் 6.1 சதவீதம்தான். எண் மாறவில்லை, தேதிதான் மாறியது. கணக்கெடுத்த களப்பணியாளர்களின் திறமையில் குறை இருந்ததாக இதை வைத்துச் சொல்ல முடியாது. வெளியிடும் நாளைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட நிறுவனம் என்ன சாதித்தது?

சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சொல்ல வேண்டும். வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேசையா யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியபின், மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து 1971-இல் அடையாறில் அதைத் தொடங்கினார். 1977-இல் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு அதைத் தன் குடையின் கீழ் எடுத்துக்கொண்டது. மத்திய நிதியும் மாநில நிதியும் வருகின்றன.

அங்கிருந்து வந்த வேலைகளில் என்னை மிகவும் ஈர்த்தது இருவேல்பட்டு. விழுப்புரம் பக்கத்துக் கிராமம். 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கொண்டு சில தமிழ்க் கிராமங்களில் கணக்கெடுத்தார். இருவேல்பட்டு அவற்றில் ஒன்று. முப்பதுகளில் வேறு ஆய்வாளர்கள் போனார்கள். எண்பதுகளில் இந்த நிறுவனத்தின் எஸ். குகன் போனார். அவர் மாநில நிதித் துறைச் செயலாளராக இருந்தவர். முதியோர் ஓய்வூதியம் போன்ற சமூகப் பாதுகாப்பைப் பற்றி நிறைய எழுதியவர். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் மீண்டும் அதே கிராமத்துக்குப் போனார்கள். யாரிடம் எவ்வளவு நிலம், யார் யாரிடம் கூலிக்குப் போனார்கள், என்ன கூலி என்று ஒரே ஊரைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பெரிய நிலவுடைமைக் குடும்பத்தின் பிடி தளர்ந்ததும், கூலித் தொழிலாளர்கள் வயலுக்கு வெளியே வேலை தேடிப் போனதும் அந்தக் கணக்கில் தெரிகின்றன.

ஐந்தாண்டு ஆட்சிக்கு ஒரு கிராமத்தின் நூறாண்டுக் கணக்கு தேவைப்படாது. அதனால்தான் அது அரசுக்கு வெளியே நடக்க வேண்டியிருக்கிறது. ஜெயரஞ்சன் பிற்பாடு, 2021-இல், மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவரானார் என்பது ஒரு கிளைச் செய்தி.

ஓர் ஆய்வு உண்மையிலேயே அரசின் முடிவை மாற்றியதுண்டா? இல்லை, எல்லாம் அலமாரிக்குத்தான் போகிறதா?

பெரும்பாலானவை அலமாரிக்குத்தான். ஆனாலும் சில உண்டு.

பிரிவினைக்கு முந்தைய ஆந்திரத்தில் நூறு நாள் வேலைக் கூலியையும் ஓய்வூதியத்தையும் கைரேகை பதிந்த ஸ்மார்ட் கார்டு மூலம் கொடுக்கத் தொடங்கினார்கள். கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகிய மூவரும் அரசோடு பேசி, மாவட்ட உட்பிரிவுகளான 157 மண்டலங்களில் எது முதலில், எது பின்னால் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க வைத்தார்கள். முதலில் வந்த மண்டலங்களையும் காத்திருந்த மண்டலங்களையும் ஒப்பிட்டதில், கூலி சீக்கிரம் வந்தது, இடையில் காணாமல் போவது குறைந்தது. ஆனால் அரசின் காதுக்குப் போனது வேறு. இடையில் கை வைக்க முடியாமல் போனவர்களுக்கு மேலிடத்தில் ஆள் உண்டு. கூலிக்காரருக்கு யார் இருக்கிறார்? குறைகள் மட்டுமே மேலே போய்ச் சேர, திட்டத்தைக் கைவிடலாமா என்ற யோசனை வந்தது. பயனாளிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பழைய முறையைவிட இதையே விரும்புகிறார்கள் என்ற ஆய்வு எண் அப்போது கையில் இருந்தது. திட்டம் தப்பியது.

இதை வைத்துக் கைரேகை நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதே குழு ஜார்க்கண்டில் ரேஷன் கடைகளுக்கு வந்த ஆதார் கைரேகைச் சரிபார்ப்பை ஆராய்ந்தது. அங்கே கசிவு குறையவில்லை. ஆதாரை இணைக்காதிருந்த குடும்பங்களில் சிலருக்கு அரிசி வராமல் போனது. ஒரே ஆய்வாளர்கள், ஏறத்தாழ ஒரே தொழில்நுட்பம், முடிவு நேரெதிர். இரண்டையும் வெளியிட்டார்கள். இவர்களை நான் நம்புவதற்கு இரண்டாவது ஆய்வுதான் காரணம்.

தமிழ்நாட்டிலும் ஒன்று. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், கிராமத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய 19,000 பேரை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2019-இல் அதே கிராமங்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட மிகவும் பின்தங்கியிருந்தார்கள், அதுவும் கணக்கில் மிக மோசம். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். கால் பங்கு என்பதைக் கவனியுங்கள். விளம்பரத்தில் முழுப் பங்கும் திட்டத்துக்கே போயிருக்கும். எதிர்க்கட்சி மேடையில் பூஜ்யமாகியிருக்கும்.

கேரளத்தின் கதை வேறு வகை. எத்தனை மலையாளிகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்பதற்குச் சரியான கணக்கு இல்லாத நிலையில், திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கே.சி. சகரியாவும் எஸ். இருதயராஜனும் 1998-இல் வீட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தினார்கள். வந்த எண் சுமார் 13.6 லட்சம். பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது தொடர்ந்தது. 2018-இல் சுமார் 21 லட்சம். அரசு இந்தக் கணக்கெடுப்பின் எண்களை வைத்துத்தான் பேசுகிறது. இதே முறையில் 2015-இல் தமிழ்நாட்டிலும் எடுத்தார்கள்: சுமார் 22 லட்சம்.

ஆய்வாளர்கள் எச்சரித்தும் அரசு கேட்காவிட்டால்?

இலங்கையைப் பார்க்கலாம். 2019-இன் இறுதியில் வந்த அரசு, பெறுமதிசேர் வரியை (வாட்) 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக வெட்டியது. மற்ற வரிகளிலும் பெரிய சலுகைகள். வருவாய் சரிந்தது, டாலர் கையிருப்பு கரைந்தது. கொழும்பின் வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் உள்ளிட்ட பலர், கடனை இப்போதே மறுசீரமைக்கப் பேசுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். 2022 ஜனவரி 18 அன்று அரசு 50 கோடி டாலர் பத்திரக் கடனை முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்தது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டாலர் தட்டுப்பாடு இருந்த நேரம் அது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

நிறுவனங்களால் அரசைக் கட்டாயப்படுத்த முடியாது. கூடவும் கூடாது, அவர்களுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. ஆனால் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பது எழுத்தில் நின்றது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி கிடைத்தபோது, அரசு கொடுத்த வாக்குறுதிகளில் நூறைப் பட்டியலிட்டு, எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை, எதற்குத் தகவலே இல்லை என்று அதே நிறுவனம் இணையத்தில் கண்காணிக்கத் தொடங்கியது. அதில் "தகவல் இல்லை" என்ற பிரிவுதான் எனக்குப் பிடித்தது.

இலங்கையில் அரசுச் சட்டத்தால் உருவான கொள்கை ஆய்வு நிறுவனமும் உண்டு. 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கும் முந்தியது 1972-இல் தொடங்கிய மார்கா என்ற ஆய்வு நிறுவனம்.

பணம் கொடுப்பவர் சொல்வதைத்தானே எழுதுவார்கள்?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது வாழ்க்கைக்கு நல்ல பாடம், ஆய்வுக்கு ஆபத்தான பாடம். நிதி எந்த வழியில் வந்தாலும் அதற்கென்று ஓர் அழுத்தம் உண்டு. அரசு மானியம் தாமதமாகும். நிறுவனங்கள் கொடுக்கும் நன்கொடை, அவர்களுக்குப் பிடித்த தலைப்புகளுக்கு மட்டுமே வரும். வெளிநாட்டு அறக்கட்டளையின் பணத்துக்கு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி போனால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லிக் கொள்கை ஆய்வு மையம் சான்று: 2023 பிப்ரவரியில் அதன் பதிவு நிறுத்திவைக்கப்பட்டது, 2024 ஜனவரியில் ரத்தானது. விதிமீறல் என்றது அரசு, மறுத்தது மையம். இடைப்பட்ட காலத்தில் ஊழியர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். ஐம்பதாண்டு நிறுவனம்.

பொய் எழுதச் சொல்லி யாரும் பணம் கொடுப்பது அபூர்வம். சில கேள்விகள் கேட்கப்படாமலே போவதுதான் வழக்கமாக நடப்பது. அதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் எழுதப்படாத அறிக்கையை யாரும் படிக்க முடியாது.

அரசின் எண் ஒன்று, தனியாரின் எண் ஒன்று. எதை நம்புவது?

இரண்டும் இருந்தால் நல்லது. ஒன்று இல்லாமல் போனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2017-18-க்கான குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வை, தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் அரசு கைவிட்டது. 2011-12-க்குப் பிறகு அடுத்த ஆய்வு 2022-23-க்குத்தான். அதன் முடிவு 2024 பிப்ரவரியில் வந்தது. இடையில் நாட்டில் ஏழைகள் எவ்வளவு பேர் என்று சொல்ல எண்ணே இல்லை. 2022-இல் இரண்டு ஆய்வுத்தாள்கள் வந்தன. பொருளாதார அறிஞர் சுர்ஜித் பல்லாவும் வேறு இருவரும் எழுதியது, 2019-இல் கொடும் வறுமை 0.8 சதவீதம் என்றது. உலக வங்கி ஆய்வாளர்கள் இருவர் எழுதியது, 10.2 சதவீதம் என்றது. ஒரே நாடு, ஒரே ஆண்டு, பன்னிரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

உலக வங்கித் தாள் பயன்படுத்தியது மும்பையின் இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையத் தரவை. 2020 ஏப்ரல் ஊரடங்கில் வேலையின்மை 23 சதவீதத்தைத் தாண்டியது என்று உடனுக்குடன் சொன்னதும் அந்த மையம்தான். ஆனால் அதன் மாதிரியில் பரம ஏழைகள் போதிய அளவு இடம்பெறவில்லை என்று பொருளாதார ஆய்வாளர்கள் ஜான் திரேஸும் அன்மோல் சோமஞ்சியும் 2021-இல் வாதிட்டார்கள், வலுவான வாதம். தவிர, அந்தத் தரவைச் சந்தா கட்டித்தான் வாங்க வேண்டும். தனியார் ஆய்வு அரசுக் கணக்கெடுப்பின் இடத்தை நிரப்பிவிட முடியாது. பக்கத்தில் நின்று சரிபார்க்க முடியும்.

பெரிய ஆய்வாளர்களே தவறு செய்ததில்லையா?

செய்திருக்கிறார்கள். ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளாதாரப் பேராசிரியர்கள் இருவர், நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரியும் என்று 2010-இல் எழுதினார்கள். செலவைக் குறைக்க விரும்பிய அரசியல்வாதிகள் அதைக் கொண்டாடினார்கள். 2013-இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற முனைவர் பட்ட ஆய்வு மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுத்ததில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விட்டுப்போயிருந்தன. அது மட்டுமல்ல, வேறு குறைகளும் இருந்தன. ஆனால் கேட்டதும் கோப்பைக் கொடுத்தார்கள் பாருங்கள், அது பாராட்டத்தக்கது.

தேர்தல் வாக்குறுதிகளை இவர்கள் விலை போட்டுச் சொல்லலாமே?

நெதர்லாந்தில் 1986 முதல் நடக்கிறது. கட்சிகள் தாமாகவே தேர்தல் அறிக்கையைத் திட்ட அலுவலகத்திடம் கொடுக்கின்றன; எவ்வளவு செலவு, யார் சுமப்பார்கள் என்று கணக்குப் போட்டுத் தேர்தலுக்கு முன் வெளியிடுகிறார்கள். கணக்கில் அழகாகத் தெரியும்படி கட்சிகள் திட்டத்தை வளைக்கின்றன என்ற குறையும் அங்கே உண்டு.

இந்தியாவில் 2022 அக்டோபரில் தேர்தல் ஆணையம், வாக்குறுதிகளுக்கு நிதி எங்கிருந்து வரும் என்று கட்சிகள் ஒரு படிவத்தில் சொல்லட்டும் என யோசனை வைத்தது. பல கட்சிகள் எதிர்த்தன. அரசின் வரவு செலவுக் கணக்கைச் சரிபார்க்கச் சுயேச்சையான நிதிக் கண்காணிப்புக் குழு ஒன்றை அமைக்கலாம் என்று என்.கே. சிங் தலைமையிலான குழு 2017-இலேயே பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. அப்படி ஒன்றைத் தாண்டிப் போனால் சந்தை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதற்கு பிரிட்டன் இருக்கிறது. லிஸ் டிரஸ் அரசு 2022 செப்டம்பர் 23 அன்று, அரசின் கணக்கைச் சுயேச்சையாகச் சரிபார்க்கும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு இல்லாமலே பெரிய வரிக் குறைப்பை அறிவித்தது. பவுண்டும் அரசுப் பத்திரங்களும் சரிந்தன. அக்டோபர் 20 அன்று பிரதமர் பதவி விலகலை அறிவித்தார். அந்த மதிப்பீடு இருந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வரிக் குறைப்பே பெரிது.

ஓர் அறிக்கை கையில் கிடைத்தால் எங்கிருந்து படிப்பது?

நான் கடைசியிலிருந்து படிப்பேன். மாதிரியை எப்படி எடுத்தார்கள், எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள் என்பதெல்லாம் பின்னிணைப்பில்தான் இருக்கும். நிதி கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் நன்றியுரையில். பிறகு, இதே நிறுவனம் தனக்கு நிதி கொடுத்தவருக்குப் பிடிக்காத எதையாவது வெளியிட்டிருக்கிறதா என்று தேடுவேன். முன்னுரைச் சுருக்கத்தைக் கடைசியாகத்தான் படிப்பேன். அதை எழுதியவருக்கு என்னை இணங்கவைக்கும் அவசரம் இருக்கும்.

இவையெல்லாம் தமிழில் கிடைக்கின்றனவா?

மிகக் குறைவு. இலங்கையில் வெரிட்டே சில வெளியீடுகளை மூன்று மொழிகளிலும் தருகிறது. நம் பக்கம் ஆங்கிலமே. இருவேல்பட்டைப் பற்றிய 2008 ஆய்வு, ஓர் ஆங்கில வார இதழில் 2010-இல் வந்தது. கேள்விகள் தமிழில் கேட்கப்பட்டன, பதில்கள் தமிழில் சொல்லப்பட்டன. பதில் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டுமானால் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும்.